ஃபேஸிட் மதிப்புரை: லெவல் 10 வந்த பிறகும் டிரயலுக்கு ஏன் அழைப்பு வருவதில்லை?

‘நான் நல்லா ஆடுவேன், ஒரு சான்ஸ் குடுங்க’ என்று கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடும் ஏதாவது ஓர் அணியிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதிலே வராது. வந்தால், ‘ஃபேஸிட் லிங்க் அனுப்புங்க’ என்று ஒரே வரியில் வரும். வீட்டில் கேட்கிற கேள்வியின் தொனி வேறு, பொருள் அதேதான்: ‘இப்படி ராத்திரி பகலா ஆடுறியே, இதுல நீ எங்க இருக்க?’ இரண்டு இடத்திலும் கேட்பது ஆதாரத்தை. அந்த விளையாட்டின் மேட்சுகளை இணையத்தில் நடத்தி ஒவ்வொருவருக்கும் லெவல் தரும் தளம்தான் ஃபேஸிட். அது அந்த ஆதாரத்தை எவ்வளவு தூரம் தருகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை மட்டும் வைத்து இந்தத் தளத்தை எடைபோடுகிறோம்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆட்டப் பதிவேடாகப் பார்த்தால் ஃபேஸிட் மிக நல்ல தளம். அதன் லெவல் பேட்ஜுக்கு ஆட்டக்காரர்கள் கொடுக்கும் மரியாதை அளவுக்கு மீறியது. உண்மையான மதிப்பு உள்ளே இருக்கும் லீக் பிரிவில் கிடக்கிறது. அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் மேட்ச் ஆடிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

தளம் 2012ல் தொடங்கியது. 2022ல் சவூதி அரேபியாவின் சாவ்வி கேமிங் குழுமம், போட்டி நடத்தும் ஈ.எஸ்.எல். நிறுவனம், ஃபேஸிட் இரண்டையும் வாங்கி ஒரே நிறுவனமாக்கியது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கிலேயே பிரீமியர் என்று ஒரு ரேங்க் முறை இருக்கும்போது தனியாக இன்னொன்று எதற்கு என்று கேட்கலாம். காரணம், ஏமாற்று மென்பொருளைத் தடுக்கும் முறை. ஃபேஸிட்டின் ஆன்டி-சீட் விண்டோஸின் கெர்னல் மட்டத்தில், அதாவது இயங்குதளத்தின் அடியாழத்தில் ஓடுகிறது. அதனால் பிரீமியரில் எடுத்த எண்ணைவிட இங்கே எடுத்த எண்ணை அணிகள் நம்புகின்றன. அந்த நம்பிக்கைக்குத் தர வேண்டிய விலை முதல் நாளே, இன்ஸ்டால் செய்யும்போதே தெரிந்துவிடும்.

இன்ஸ்டால்: பாதிப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம்

விளையாட்டு இருக்கும் ஸ்டீம் கணக்கை இணைப்பது இரண்டு நிமிட வேலை. ஸ்டீம் புரொஃபைலில் ‘கேம் விவரங்கள்’ பொதுவில் தெரியும்படி வைத்திருக்க வேண்டும். அதை மூடி வைத்திருந்தால் மணிக்கணக்கு, வரலாறு எதுவும் தெரியாது. உங்கள் பக்கத்தைப் பார்க்கிறவருக்கும் சந்தேகம்தான் வரும்.

சிக்கல் ஆன்டி-சீட்டில் தொடங்குகிறது. அது செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் வைத்துக் கணினியைத் தொடங்கும் வசதி), டி.பி.எம். 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் கூறு) இரண்டையும் கேட்கும். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் போய் இரண்டையும் ஆன் செய்தால் முடிந்தது என்று பல வழிகாட்டிகள் எழுதிவிடுகின்றன. அப்படிச் செய்து கணினி பூட் ஆகாமல் தவிப்பவர்கள் நிறைய. முதலில் விண்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். யு.ஈ.எஃப்.ஐ. என்றிருந்தால் நல்லது. லெகசி என்றிருந்தால் உங்கள் டிஸ்க் பழைய எம்.பி.ஆர். முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அந்த நிலையில் பயாஸில், பழைய முறையில் பூட் செய்ய உதவும் சி.எஸ்.எம். வசதியை அணைத்தால் விண்டோஸைக் கண்டுபிடிக்கவே முடியாது. முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுத்துக்கொண்டு, விண்டோஸோடு வரும் ‘எம்.பி.ஆர். டூ ஜி.பி.டி.’ கருவியில் முதலில் ‘வேலிடேட்’ சோதனையை ஓட்டி, அது தேறினால் மட்டும் டிஸ்க்கை மாற்றிவிட்டு, அதன் பிறகு பயாஸில் கை வையுங்கள்.

அங்கே பல போர்டுகளில் டி.பி.எம். என்ற பெயரே இருக்காது என்பது அடுத்த குழப்பம். இன்டெல் போர்டுகளில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. போர்டுகளில் எஃப்.டி.பி.எம். என்றும் இருக்கும். செக்யூர் பூட்டை ஆன் செய்த பிறகும் விண்டோஸ் ‘ஆஃப்’ என்றே காட்டினால், போர்டில் அதற்கான கீகள் ஏற்றப்படவில்லை என்று பொருள். ‘டீஃபால்ட் கீகளை நிறுவு’ என்ற தேர்வை அழுத்திச் சேமித்தால் சரியாகும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினி என்றால் ரெக்கவரி கீயை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் இப்படி மாற்றம் செய்தால் அடுத்த பூட்டில் அதைக் கேட்கக்கூடும், இல்லையென்றால் உள்ளே போக வழியில்லை.

இவ்வளவும் முடிந்து ஆன்டி-சீட் ஓடத் தொடங்கியதும், பழைய விளக்கு அலங்கார மென்பொருளோ மின்விசிறி வேகத்தை மாற்றும் மென்பொருளோ தன் டிரைவரோடு வந்து தடுக்கப்படலாம். அதில் பாதுகாப்புக் குறை இருப்பதால்தான் தடை. அப்டேட் செய்யுங்கள், முடியாவிட்டால் நீக்கிவிடுங்கள். லீக் மேட்ச் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இதைக் கண்டுபிடித்து அணியை நான்கு பேரோடு நிற்க வைப்பவரை அடுத்த பருவத்தில் யாரும் சேர்க்க மாட்டார்கள். மேட்ச் நாளில் ஒரு மணி நேரம் முன்பே ஆன்டி-சீட்டை ஓட்டிப் பார்ப்பது பழக்கமாக இருக்கட்டும்.

லினக்ஸ், மேக் இரண்டிலும் இந்த ஆன்டி-சீட் ஓடாது. அங்கே மாற்று வழி எதையும் தேட வேண்டாம்.

எலோ எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது

எலோ என்பது வெற்றி தோல்விக்கு ஏற்ப ஏறி இறங்கும் புள்ளி. அதை வைத்துத்தான் லெவல், 1 முதல் 10 வரை. 2001 எலோ புள்ளி தொட்டால் லெவல் 10. மேட்ச் ஐந்துக்கு ஐந்து, முதலில் 13 ரவுண்ட் எடுத்த அணி ஜெயிக்கும், 12-12 ஆனால் ஓவர்டைம். சம பலமுள்ள அணிகள் மோதினால் ஜெயித்தவருக்கு ஏறக்குறைய 25 புள்ளி ஏறும், தோற்றவருக்கு அதே அளவு இறங்கும். தோற்ற மேட்சில் நீங்கள் 30 கில் எடுத்திருந்தாலும் இறங்கும்தான்.

இதில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 1500ல் இருப்பவர் 2001 தொட 501 புள்ளி வேண்டும், அதாவது தோல்விகளைவிட ஏறக்குறைய 20 வெற்றிகள் கூடுதலாக வேண்டும். நூற்றுக்கு 55 ஜெயிப்பவருக்கு 100 மேட்சில் 10 வெற்றிதான் மிஞ்சும். ஆக 200 மேட்ச். ஒரு மேட்ச் முக்கால் மணி நேரம் என்றால் 150 மணி நேரம். நூற்றுக்கு 52 ஜெயிப்பவருக்கோ 500 மேட்ச், 375 மணி நேரம். திறமையில் இருவருக்கும் இடையே உள்ள தூரம் ரொம்பச் சின்னது. நேரத்தில்தான் இரண்டரை மடங்கு. ‘நாலு மாசமா ஆடுறேன், லெவல் 8லயே நிக்குது’ என்று மனம் உடைபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். மேட்ச் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட அந்த 52ஐ 55 ஆக்கும் வேலைதான் லாபம்: டெமோ (ஆட்டப் பதிவு) பார்ப்பது, ஒரு மேப்புக்கு (ஆட்டக் களத்துக்கு) ஸ்மோக், அதாவது புகைக்குண்டு எறியக் கற்பது, இரண்டு தோல்விக்குப் பிறகு எழுந்துவிடுவது.

கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எலோ எண் திரையிலேயே ஏறி இறங்குவதால், இழந்ததை அதே இரவில் மீட்க வேண்டும் என்ற வெறி வரும். கோபத்தோடு ஆடும் மூன்றாவது, நான்காவது மேட்ச்தான் மாதக் கணக்கில் சேர்த்ததைக் கரைக்கிறது. தளம் உங்களைத் தடுக்காது. அடுத்த மேட்சுக்கான பொத்தான் கண்முன்னே இருக்கும்.

இப்போது முக்கியமான கேள்வி. லெவல் 10 வந்தும் ஏன் கூப்பிடுவதில்லை? 2001 புள்ளியில் இருப்பவருக்கும் 3000 புள்ளியில் இருப்பவருக்கும் ஒரே பேட்ஜ்தான் என்பது ஒரு காரணம். ஒவ்வொரு வட்டாரத்திலும் முதல் ஆயிரம் பேருக்குத் தனி அடையாளம் உண்டு. அதற்குக் கீழே எல்லோரும் ஒரே கூட்டம். அதைவிடப் பெரிய காரணம், அணித்தலைவர்கள் பேட்ஜைத் தாண்டி உங்கள் மேட்ச் பட்டியலுக்குள் போய்விடுவார்கள். கடைசி ஐம்பது மேட்சில் நாற்பது மிராஜ் என்ற ஒரே மேப்பில் என்றால் அங்கேயே முடிந்தது. போட்டிகளில் மேப் பட்டியல் 7. மூன்று மேப் கொண்ட தொடரில் இரு அணியும் ஒவ்வொன்றை நீக்கி, ஒவ்வொன்றைத் தேர்ந்து, மறுபடி ஒவ்வொன்றை நீக்கி, மிஞ்சுவது கடைசி மேப். ஒரே மேப் தெரிந்த ஆளை வைத்துக்கொண்டு அந்த நீக்கல் சடங்கில் உட்கார எந்தத் தலைவருக்கும் தைரியம் வராது. இன்னொன்று, எப்போதும் அதே நான்கு நண்பர்களோடு சேர்ந்து ஏறிய எலோவா, தனியாக ஏறியதா என்பதும் பட்டியலில் அப்படியே தெரியும். நண்பர்களோடு ஆடியது தப்பில்லை. ஆனால் அவர்கள் இல்லாத மேட்சுகளில் என்ன நடந்தது என்றுதான் பார்ப்பார்கள்.

கே.டி. விகிதம் (ஒரு டெத்துக்கு எத்தனை கில்), ஒரு ரவுண்டுக்குச் சராசரியாகக் கொடுத்த டேமேஜ் ஆகிய எண்கள் எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை எவ்வளவு எளிதாகத் தப்பாகப் படிக்கலாம் என்பதற்கு ஒரே ஒரு ரவுண்டைப் பாருங்கள். மிராஜ் மேப், பாம் வைக்க வேண்டிய இரண்டு இடங்களில் ஒன்றான ஏ சைட்டை உங்கள் அணி தாக்குகிறது. எதிரி நிற்கக்கூடிய சிடி, ஸ்டெயர்ஸ், ஜங்கிள் ஆகிய மூன்று இடங்களையும் மறைத்து ஸ்மோக் விழுந்தாயிற்று. ராம்ப் வழியாக முதல் ஆள் ஓடுகிறார், சைட்டுக்குள் டீஃபால்ட் பெட்டிப் பக்கம் இருந்தவரிடம் அடிபட்டு விழுகிறார். அவருக்குப் பின்னால் போக வேண்டிய நீங்கள் ராம்ப்பின் தொடக்கத்திலேயே நின்று, கையில் கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷை வைத்துக்கொண்டு, எறியலாமா வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள். மூன்று நொடி போகிறது. சுட்டவர் அதற்குள் இடம் மாறிவிட்டார், ஸ்மோக்குக்குப் பின்னாலிருந்து உதவியும் வந்துவிட்டது. பேலஸிலிருந்து இறங்கிய உங்கள் ஆட்கள் இருவர் ஒருவர் பின் ஒருவராக விழுகிறார்கள். பாம் வைக்க வாய்ப்பே இல்லை. தேடி வரும் எதிரிகளில் இருவரை நீங்கள் ஒளிந்திருந்து அடித்துவிட்டு, கடைசியில் விழுகிறீர்கள். ஸ்கோர்போர்டில் உங்களுக்கு 2 கில், 1 டெத். முதலில் ஓடியவருக்கு 0 கில், 1 டெத். எண்ணைப் பார்த்தால் நீங்கள் நன்றாக ஆடியவர், அவர் சொதப்பியவர். டெமோவைப் பார்க்கும் தலைவருக்கோ ரவுண்டைத் தொலைத்தது அந்த மூன்று நொடிதான் என்று தெரியும். முதல் ஆள் விழுந்த ஓரிரு நொடிக்குள் சுட்டவரை நீங்கள் வீழ்த்தியிருந்தால் நான்குக்கு நான்கு, சைட் உங்கள் கையில்.

இதனால்தான் லீட்டிஃபை போன்ற பகுப்பாய்வுத் தளங்களை ஃபேஸிட்டோடு சேர்த்துப் பயன்படுத்தச் சொல்கிறோம். விழுந்த தோழருக்குப் பழிதீர்க்கும் வாய்ப்பு எத்தனை வந்தது, எத்தனை முறை முயன்றீர்கள் என்று அது பிரித்துக் காட்டும். எதிரியைக் கண்ட நொடியிலிருந்து முதல் அடி விழும்வரை எத்தனை மில்லி நொடி, எதிரி தெரிந்தபோது உங்கள் கிராஸ்ஹேர் (திரை நடுவில் உள்ள குறி) எத்தனை டிகிரி தள்ளி இருந்தது என்பதும் வரும். ‘எனக்கு ரிஃப்ளெக்ஸ் போதாது’ என்று நினைப்பவர்கள் பலருக்கு உண்மையான குறை கிராஸ்ஹேர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். அது பயிற்சியில் தீரும் குறை.

டெமோ: உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி

ஒவ்வொரு மேட்சின் பக்கத்திலும் டெமோவைத் தரவிறக்கும் பொத்தான் இருக்கிறது. இந்தத் தளத்தின் மிகச் சிறந்த அம்சம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். ஆனால் டெமோக்கள் காலத்துக்கும் இருக்காது, சில வாரத்தில் போய்விடும். நல்ல மேட்ச், மோசமான மேட்ச் இரண்டையும் அன்றே எடுத்து வையுங்கள். சுருக்கப்பட்ட கோப்பாக வரும். பழைய மென்பொருள் திறக்க மறுத்தால் 7-ஜிப்பின் புதிய பதிப்பைப் போடுங்கள். விரித்த கோப்பை ஆட்டத்தின் ‘சிஎஸ்கோ’ ஃபோல்டரில் வைத்து, கன்சோலில் பிளேடெமோ என்ற கட்டளையோடு கோப்புப் பெயரைக் கொடுத்தால் ஓடும். ஷிஃப்ட்டும் எஃப்2வும் சேர்த்து அழுத்தினால் கட்டுப்பாட்டுப் பலகை வரும். ஆட்டம் நேரத்தை டிக் என்ற சிறு துண்டுகளாக எண்ணுகிறது, 64 டிக் ஒரு நொடி. எந்தக் கணத்தையும் டிக் எண்ணால் குறிக்கலாம். ஆட்டத்துக்குப் பெரிய அப்டேட் வந்தால் பழைய டெமோ சில சமயம் ஓடாது. ஆகவே முக்கியமான ரவுண்டுகளை வீடியோவாகவும் பதிந்து வையுங்கள்.

அணிக்கு அனுப்பும் செய்தியில் இது எப்படி உதவும் என்று பார்க்கலாம். தலைவர்களுக்கு வரும் செய்திகள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘ப்ரோ, லெவல் 10, 4000 மணி நேரம், எல்லா ரோலும் ஆடுவேன், டிரயல் குடுங்க.’ இதில் சரிபார்க்கக்கூடிய தகவல் இரண்டே இரண்டு, அவையும் எல்லோரிடமும் இருப்பவை. ‘எல்லா ரோலும்’ என்பதைத் தலைவர்கள் ‘எந்த ரோலும் உருப்படியாகத் தெரியாது’ என்றுதான் படிப்பார்கள்.

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘தாக்கும்போது இரண்டாவது என்ட்ரி (சைட்டுக்குள் நுழையும் இரண்டாவது ஆள்). தடுக்கும்போது மிராஜில் பி ஆங்கர் (பி சைட்டைக் காத்து நிற்பவர்), இன்ஃபெர்னோவில் பனானா (பி சைட்டுக்குப் போகும் பாதை). மிராஜ், இன்ஃபெர்னோ, நியூக் மூன்றும் நன்றாகத் தெரியும்; ஏன்ஷியன்ட் கற்றுக்கொண்டிருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள், மாலை 7 முதல் 10 வரை வர முடியும். போன பருவம் லீக்கின் ஓப்பன் டிவிஷனை முழுதாக ஆடி முடித்தேன். இரண்டு டெமோ வைத்திருக்கிறேன், ஒன்று ஜெயித்தது, ஒன்று தோற்றது. தோற்றதில் 9ஆவது ரவுண்ட், டிக் 48,200ல் நான் தாமதமாகப் போனது தெரியும். இப்போது அதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.’ தன் தவறு எந்த டிக்கில் நடந்தது என்று சொல்லத் தெரிந்தவரை எந்தத் தலைவரும் ஒரு முறையாவது ஸ்க்ரிம்முக்கு, அதாவது அணிகளின் பயிற்சி மேட்சுக்கு, கூப்பிட்டுப் பார்ப்பார். சொன்னால் திருத்திக்கொள்வாரா என்பதுதான் அவருடைய முதல் கவலை, அந்தக் கவலை பாதி தீர்ந்துவிடுகிறது.

லீக் பிரிவு

பருவம் பருவமாக அணிகள் மோதும் ஈ.எஸ்.இ.ஏ. லீக் இப்போது ஃபேஸிட்டுக்குள்ளேயே நடக்கிறது. அடியில் ஓப்பன், மேலே இன்டர்மீடியட், மெயின், அட்வான்ஸ்டு. ஓப்பனில் சேர யார் அழைப்பும் வேண்டாம். ஐந்து பேர் சேர்ந்து பதிவு செய்தால் போதும். பதிவுக்கு முன் அந்தப் பருவத்தின் கட்டணத்தையும் தகுதி விதிகளையும் படித்துவிடுங்கள், பருவத்துக்குப் பருவம் மாறும்.

சாதாரண மேட்சுக்கும் லீக் மேட்சுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. எதிரணி யார் என்று முன்பே தெரியும். அவர்கள் எந்த மேப்பை நீக்குவார்கள், எதில் பலம் என்று பார்த்துத் தயாராகலாம், அவர்களும் உங்களைப் பார்ப்பார்கள். டைம்-அவுட் எடுத்துத் திட்டத்தை மாற்றலாம். ஆட்டத்துக்குள் ஆயுதம் வாங்கப் பணம் இல்லாத ரவுண்டில் ஐந்து பேரும் சேர்ந்து சேமிப்பதா, சேர்ந்து வாங்குவதா என்று ஒரே முடிவு எடுக்க வேண்டும். தெரியாத ஐந்து பேர் ஆடும் மேட்சில் இது நடக்கவே நடக்காது, ஒருவர் விலை உயர்ந்த ஏ.டபிள்யு.பி. துப்பாக்கி வாங்கி நிற்பார், மூன்று பேர் பிஸ்டலோடு நிற்பார்கள். எலோவுக்குத் தெரியாத இந்தத் திறமைகளைத்தான் அணிகள் தேடுகின்றன.

ஓப்பனில் கவிழும் அணிகள் பெரும்பாலும் ஆட்டத்தில் தோற்றுக் கவிழ்வதில்லை. ஆள் வராமல் கவிழ்கின்றன. மூன்றாவது வாரம் இரண்டு தோல்வி, ஒருவர் ‘இந்த டீம் தேறாது’ என்று விலகுவார், அடுத்த மேட்சுக்கு நான்கு பேர், வாக்ஓவர், பருவம் முடிந்தது. ஆகவே ஐந்து பேரோடு மட்டும் பதிவு செய்யாதீர்கள், மாற்று ஆட்டக்காரர் ஒருவரையாவது சேருங்கள். யார் தலைவர், தலைவர் சொன்னது தப்பென்று தோன்றினால் ரவுண்ட் முடியும்வரை பேசாமல் இருப்பது என்ற இரண்டையும் முதல் ஸ்க்ரிம்முக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஒரு பருவத்தை நான்கு வெற்றி, பத்துத் தோல்வி என்று முடித்தவர் பாதியில் விலகிய லெவல் 10ஐவிட மதிக்கப்படுவார். எங்களுக்கு இதில் சந்தேகமே இல்லை.

இந்த லீக் ஏணியைத் தவிர இன்னொரு வாசல் உண்டு. எஃப்.பி.எல். எனப்படும் ஃபேஸிட் புரோ லீக்கில் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு தகுதிச் சுற்று வழியாக வந்தவர்களும் ஆடுவார்கள். எஸ்தோனியாவின் ராப்ஸ் அந்த வழியில்தான் பெயர் பெற்றார். அவர் ஆடிய வேகத்தைப் பார்த்து ஏமாற்றுகிறார் என்றே பலர் குற்றம் சாட்டினார்கள். ஃபேஸிட் அலுவலகத்துக்கே போய் மேற்பார்வையில் ஆடிக் காட்ட வேண்டியிருந்தது. 2017ல் மவுஸ்போர்ட்ஸ் அணி அவரைச் சேர்த்தது. 2022ல் ஃபேஸ் கிளானோடு ஆன்ட்வெர்ப் மேஜர் என்ற பெரிய உலகப் போட்டியை வென்றார். ஆனால் எஃப்.பி.எல். வாசல் மிகக் குறுகியது, அதைத் திட்டமாக வைத்துக்கொண்டு படிப்பையோ வேலையையோ விடச் சொல்ல மாட்டோம்.

அவருக்கு நடந்தது சின்ன அளவில் யாருக்கும் நடக்கலாம். திடீரென முன்னேறினால் ‘சீட்டர்’ என்ற சொல் வரும். அதற்கு முன்னேற்பாடு இருக்கிறது. வாழ்நாள் முழுக்க ஒரே கணக்கு. கணக்கு வாங்கவோ விற்கவோ கூடாது, நண்பருக்கு எலோ ஏற்றிக் கொடுக்கக் கூடாது, கீழ் லெவலில் விளையாட இரண்டாவது கணக்கு வைக்கக் கூடாது. அடையாளச் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். சரிபார்த்தவர்கள் மட்டும் ஆடும் மேட்ச் வரிசைக்கும் அது உதவும். லீக் மேட்சுகளில் கையும் மவுஸும் தெரியும்படி ஒரு கேமரா வைத்துப் பதிவது நல்லது. குற்றச்சாட்டு வந்தால் வாய்ச்சண்டைக்குப் போகாமல் டெமோவையும் அந்தப் பதிவையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

தளம் கைவிடும் இடங்கள்

வாய்ஸ் சாட்டில் நடக்கும் வசை இந்தத் தளத்தின் பெரிய குறை. சாட்டில் வரும் வசையைக் கண்டுபிடிக்க 2019ல் மினர்வா என்ற தானியங்கி முறையைக் கொண்டுவந்தார்கள், ஆனாலும் சிக்கல் தீரவில்லை. இது எல்லோருக்கும் ஒரே அளவில் விழுவதுமில்லை. பெண் குரல் கேட்டவுடன் கேலி தொடங்கும் என்பதால் மைக்கை அணைத்துவிட்டு ஆடும் பெண்கள் பலர். மைக் அணைத்தால் எதிரி எங்கே என்று சொல்ல முடியாது. சொல்லாவிட்டால் ‘கம்யூனிகேஷன் இல்லை’ என்று டிரயலில் கழித்துவிடுவார்கள். பெண்களுக்கென்று 2022ல் தொடங்கிய ஈ.எஸ்.எல். இம்பாக்ட் லீக்கும் 2025ல் நிறுத்தப்பட்டுவிட்டது. திறமை இருந்தும் கதவு மூடும் அநியாயம் இது. நாங்கள் சொல்லக்கூடிய நடைமுறை வழி: தெரிந்த இரண்டு மூன்று பேரோடு மட்டும் வரிசையில் சேருங்கள், வசை பேசுபவரை மட்டும் மியூட் செய்து ரிப்போர்ட் கொடுங்கள், அணியோடு ஆடும் ஸ்க்ரிம்மில் உங்கள் குரலோடு ஒரு முழு மேட்சைப் பதிந்து டிரயல் கேட்கும்போது சேர்த்து அனுப்புங்கள். தலைவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: பொது மேட்சில் ஒருவர் பேசவில்லை என்பதை வைத்து அவரைக் கழிக்காதீர்கள், உங்கள் அணியோடு ஒரு ஸ்க்ரிம் ஆட விட்டுப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. தோழர் பாதியில் வெளியேறி மேட்ச் தோற்றால் உங்கள் எலோவும் போகும். உயர்ந்த எலோவில், நடுநிசியில், வரிசை நீளும். சர்வர் தூரம் என்றால் பிங் (சர்வரோடு பேச ஆகும் தாமதம்) ஏறும். அங்கே எடுத்த எண்களை வைத்து உங்கள் குறியை எடைபோடாதீர்கள்.

வீட்டில் காட்ட என்ன இருக்கிறது?

பரிசுத்தொகைச் செய்திகளைக் காட்டி வீட்டாரை மடக்க முயல்வது பெரும்பாலும் எதிர்மாறாகவே முடிகிறது. ரஷ்ய ஆட்டக்காரர் டாங்க் 17 வயதில், 2024 ஐ.ஈ.எம். காட்டோவிட்ச் போட்டியில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார் என்பது உண்மை. ‘அந்தப் பையன் வாங்கினான், நீ?’ என்று திருப்பிக் கேட்டால் பதில் இருக்காது.

லீக்கின் மேட்ச் அட்டவணை அதைவிட நன்றாகப் பேசும். இந்தக் கிழமை, இந்த நேரம், இந்த அணியோடு மேட்ச் என்று பருவத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுக்கலாம். ஆன்லைன் மேட்சை நடுவில் நிறுத்த முடியாது, பாதியில் எழுந்தால் தடை விழும், மற்ற நான்கு பேருக்கும் நஷ்டம் என்பதைப் பொறுமையாக விளக்குங்கள். அட்டவணையில் இல்லாத நேரத்தில் கூப்பிட்டால் உடனே எழுந்து வருவேன் என்ற வாக்கையும் சேர்த்துக் கொடுங்கள், காப்பாற்றுங்கள். எந்நேரமும் திரை முன்னால் இருப்பவர் ‘இது முக்கியமான மேட்ச்’ என்று சொன்னால் எடுபடாது. வாரத்தில் நான்கு நாள் மட்டும் உட்காருபவர் சொன்னால் எடுபடும்.

கடைசியாக சந்தா. பிரீமியம் வாங்கினால் சந்தாதாரர்கள் மட்டும் ஆடும் வரிசை, கூடுதல் புள்ளிவிவரம், பரிசுப் பட்டியல்கள் கிடைக்கும். எலோ ஒரு புள்ளிகூடச் சேராது. லெவல் 6, 7க்குக் கீழே இருப்பவருக்கு இது தேவையில்லை. அந்தக் கட்டத்தில் இலவசக் கணக்கும் டெமோவும் போதும். லீக்கில் பதிவு செய்யப் போகும் பருவத்தில், விதிகள் கேட்டால், அந்த மாதங்களுக்கு மட்டும் எடுங்கள். தானாகப் புதுப்பித்தல் ஆனிலேயே இருக்கும். வாங்கிய அன்றே அதை அணைத்துவிட்டால், கட்டிய காலம் முடியும்வரை சந்தா ஓடும்.